எழுபத்தைந்தும் ஐம்பத்தேழும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கேள்வி வந்துவிடும். புதிதாகக் குடிவந்த யாராவது, நம் கட்டடத்துக்கு எந்த பின்கோடு போடுவது என்று கேட்பார்கள். ஆதாரில் ஒன்று இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்தில் வேறொன்று இருக்கிறது, பொருள் வாங்கும் செயலியோ இரண்டையும் ஏற்க மாட்டேன் என்கிறது என்பார்கள். சேலையூர் எண்தான் என்பார் ஒருவர். மாடம்பாக்கத்துக்குத் தனி எண் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறதே என்பார் இன்னொருவர். கடைசியில் யாராவது என் பெயரைப் போட்டு, அந்த அக்காவைக் கேளுங்கள், அவருக்கு எல்லா நம்பரும் தெரியும் என்று எழுதுவார்கள்.

தெரியும்தான், கடைசி இரண்டு எண்களை மட்டும் சொன்னால் போதும். பம்மல் எழுபத்தைந்து, பொழிச்சலூர் எழுபத்து நான்கு, மேற்குத் தாம்பரம் நாற்பத்தைந்து, கிழக்குத் தாம்பரம் ஐம்பத்தொன்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதெல்லாம் உனக்கு எப்படி மனப்பாடம் ஆயிற்று என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டால், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அத்தைக்கு மாப்பிள்ளை தேடிய கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அத்தை அப்பாவின் தங்கை. பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளராக வேலை பார்த்தாள். காலையில் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் செங்கல்பட்டு ரயில் பிடித்தால் மாலையில் ஆறரைக்குத்தான் வீடு திரும்புவாள். அப்பாவுக்குக் கிண்டியில் அலுவலகம். அம்மா பள்ளிக்கூட டீச்சர். சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் போகும் வழியில் புதிதாக மனை பிரித்த இடத்தில் எங்கள் வீடு. பாதித் தெருவில்தான் வீடுகள் வந்திருந்தன. மீதிப் பாதியில் கருவேல முள்ளும், அதற்கு நடுவே மனை எண் எழுதிய கற்களும் இருக்கும்.

அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டதால் அவளுக்குக் கல்யாணம் செய்துவைப்பது அப்பாவின் பொறுப்பு. அப்பா எந்தப் பொறுப்பையும் ஓர் அலுவலகக் கோப்பைப் போலத்தான் நடத்துவார். எங்கள் சர்ச் சபையில் மாதாமாதம் திருமணத் தகவல் தாள் ஒன்று கொடுப்பார்கள். பையனின் படிப்பு, வேலை, உயரம், முகவரி எல்லாம் அதில் இருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு பொருத்தமானவர்களுக்கு நேராகச் சிவப்பு மையால் டிக் போடுவார். அத்தையின் விவரங்களை அவரே ஆங்கிலத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் பட்டுப் புடவை கட்டி எடுத்த போட்டோவில் இருபது பிரதி. ஒரு உறைக்குள் ஒரு தாள், ஒரு போட்டோ. உறைமேல் முகவரி எழுதுவது என் வேலை.

அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் கையெழுத்து. அந்த வருஷம் பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்திருந்தது. அப்பாவின் எழுத்தை அப்பாவே சில சமயம் படிக்க முடியாமல் அம்மாவிடம் நீட்டுவார். மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்ப்பது உறையைத்தான், அது அழகாக இருந்தால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி என்று அப்பா சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் எழுத்து அழகாக இருந்ததே தவிர, எண்கள் என் கைக்கு அடங்கவில்லை. முப்பத்தாறு என்று கரும்பலகையில் பார்த்துவிட்டு நோட்டில் அறுபத்து மூன்று என்று எழுதுவேன். எப்போதும் இல்லை, ஐந்துக்கு ஒன்று அப்படி ஆகும். எழுதும்போது சரியாக எழுதுவதாகத்தான் தோன்றும். கணக்கு டீச்சர் அதைக் கவனக்குறைவு என்றார். அம்மா அதைத் திமிர் என்றாள். எனக்கே அது என்னவென்று தெரியாததால் இரண்டையும் ஒப்புக்கொண்டேன்.

இது அப்பாவுக்கும் தெரியும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தார். தகவல் தாளில் பின்கோடு இருக்காது, ஊரின் பெயர் மட்டும்தான். அப்பாவின் ஆபீஸ் டைரியில் கடைசிப் பக்கங்களில் சென்னையின் எல்லா ஊர்களுக்கும் எண் போட்டிருக்கும். அந்த டைரியை என் கையில் தராமல் அத்தையின் கையில் கொடுத்தார். அத்தை பார்த்துப் படிக்க வேண்டும், நான் காதால் கேட்டு எழுத வேண்டும், அப்போது தவறு நேராது என்பது அவர் கணக்கு. ஏற்பாடு செய்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கப் போய்விடுவார். அம்மா அடுத்த நாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு மேஜையில் நானும் அத்தையும் மட்டும்.

அந்த மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ஆறு எண்களை வைத்து இந்தியா முழுவதிலும் ஒரு தபால் நிலையத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது நம்ப முடியாத விஷயமாக இருந்தது. முதல் எண் ஆறு என்றால் நம் பக்கம், அடுத்த இரண்டும் சேர்ந்தால் நம் மாவட்டம், கடைசி மூன்று நம் தபால் நிலையம் என்று அத்தை சொன்னாள். நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஒட்டும் எண் போலத்தானா என்று கேட்டேன். அதே மாதிரிதான் என்றாள். தப்பான எண்ணை ஒட்டிவிட்டால் புத்தகம் தொலையாது, நூலகத்துக்குள்ளேயே எங்கோ ஓர் அலமாரியில் பத்திரமாக இருக்கும், ஆனால் தேடுகிறவர் கையில் மட்டும் சிக்காது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது.

முகவரி எழுதுவதிலும் அத்தை எனக்குச் சில சுருக்கங்கள் சொல்லித் தந்தாள். கதவு எண், தெரு, அதன் பிறகு சென்னை, பின்கோடு. அவ்வளவு போதும்.

"பம்மல்னு எழுத வேணாமா அத்தை?"

"நம்பர்தான் போடறோமே. ஊர் பேரும் எதுக்கு? அதுக்குத்தானே நம்பர் கண்டுபிடிச்சாங்க."

எனக்கு அது சரியாகவே பட்டது. அனுப்புநர் முகவரியை உறையின் வெளியே எழுத வேண்டாம், உள்ளே அப்பாவின் கடிதத்திலேயே இருக்கிறது என்றாள். அதுவும் சரியாகவே பட்டது. பிறகு டைரியைப் பார்த்து நிதானமாகப் படித்தாள். சிக்ஸ், ஜீரோ, ஜீரோ, ஜீரோ, ஃபைவ், செவன். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் அச்சடித்தது போல எழுதினேன். உறைகளை அத்தையே ஒட்டி, திங்கட்கிழமை ரயிலுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவாள். மூன்று ஞாயிறுகளில் ஏழோ எட்டோ கடிதங்கள் போயின.

பதில் ஒன்றும் வரவில்லை. அப்பா மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே தபால் உண்டா என்று கேட்பார். இல்லை என்றதும், இந்தக் காலத்துப் பையன் வீட்டார் ஒரு பதில்கூடப் போட மாட்டேன் என்கிறார்களே என்று அலுத்துக்கொள்வார். போட்டோ சரியில்லையோ என்று அம்மா சந்தேகப்பட்டாள். வயதை எழுதியிருக்க வேண்டாமோ என்று இன்னொரு நாள் சொன்னாள். அத்தை இந்தப் பேச்சுகள் நடக்கும்போது சமையலறையில் ஏதாவது வேலையாக இருப்பாள். அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து, அந்த நாட்களில் அவளுடைய ரயில் பையை நான் போய் வாங்கிக்கொள்வேன்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்து வீட்டில் தனியாக இருந்தேன். கேட்டுக்கு வெளியே போஸ்ட்மேன் அண்ணாவின் சைக்கிள் மணி கேட்டது. அவர் நீட்டியது என் கையெழுத்தில் இருந்த உறை. ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் யாரோ நீல மையில் எங்கள் வீட்டு முகவரியை எழுதி, இரண்டு மூன்று முத்திரைகள் குத்தியிருந்தார்கள்.

"இன்னா பாப்பா, நீ எழுதுனதா? எழுத்து சோக்காத்தான் கீது. ஆனா ஏரியா பேரே போடலியே. நம்பரு எண்ணூரு நம்பரு. அங்க போய் ஆளு இல்லன்னு திரும்பிக்கினு வந்துகீது. அனுப்புனவங்க பேரும் வெளிய இல்ல. உள்ள பிரிச்சுப் பாத்துதான் உங்க வூடுன்னு கண்டுபுட்ச்சிருக்காங்க. அப்பாவாண்ட சொல்லு."

அவர் போன பிறகு அப்பாவின் டைரியை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு டிக் போட்ட தாளில் அந்தப் பெயருக்கு நேரே பம்மல் என்று இருந்தது. டைரியில் பம்மலுக்கு எழுபத்தைந்து. உறையில் என் கை எழுதியிருந்தது ஐம்பத்தேழு. பம்மல் எங்கள் வீட்டிலிருந்து எத்தனை தூரம்? பல்லாவரம் தாண்டினால் வந்துவிடும். நான் அந்தக் கடிதத்தைச் சென்னையின் மறுகோடியில் கடற்கரை ஓரமாக இருக்கும் எண்ணூருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அத்தை சரியாகத்தான் படித்திருப்பாள். நான்தான் வழக்கம்போலத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஒரு கடிதம் இப்படி என்றால் மற்றவையும் இப்படித்தான் இருக்கும். பதில் வராததற்குப் பையன் வீட்டாரும் காரணமில்லை, போட்டோவும் காரணமில்லை. அத்தையின் கல்யாணத்தை என் கை கெடுத்துக்கொண்டிருந்தது.

உறையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து டீ போட்டு என்னைக் கூப்பிட்டாள், போகவில்லை. அத்தை ஸ்டேஷனிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு என்னைத் தேடி மேலே வந்தாள். அவளைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. உறையை எடுத்துக் கொடுத்தேன்.

"நான் நம்பர மாத்தி எழுதிட்டேன் அத்தை. எல்லாத்துலயும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இனிமே உங்களுக்குக் கல்யாணமே ஆகாதா?"

அத்தை உறையை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இரண்டே எண்களைப் படிக்க அத்தனை நேரம் தேவையில்லை. பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். நான் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, இதை அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்ல வேண்டாம், தானே வைத்துக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். நான் செய்த தவறை எனக்காக மறைக்கிறாள் என்று நினைத்ததும் அழுகை இன்னும் கூடியது. இப்படி ஒரு அத்தை யாருக்குக் கிடைப்பாள் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு மறுபடி மேஜையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். அத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் உறை முடிந்தது. இரண்டாவதற்கு எண் சொல்லத் தொடங்கியவள் நடுவில் நிறுத்தி, தலை வலிக்கிறது, இன்றைக்குப் போதும் என்று டைரியை மூடிவிட்டாள். என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

இதற்கிடையில் பள்ளியிலிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். பெண் எல்லாப் பாடத்திலும் பரவாயில்லை, கணக்கில் மட்டும் எண்களை இடம் மாற்றி எழுதுவது நிற்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு அனுப்பினால் திணறிப்போவாள். ஐந்தாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் இருக்கட்டும், பெற்றோர் சம்மதித்தால் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. அம்மா டீச்சர் என்பதால் அவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அப்பாதான் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணைத் திருப்பி எழுதுகிறவள் எழுத்தைத் திருப்பி எழுதவில்லையே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாள் ஃபிரிட்ஜின் மேல் கையெழுத்து இல்லாமல் கிடந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பா வீட்டில் இருந்தபோது போஸ்ட்மேன் அண்ணா வந்தார். இந்த முறை மூன்று உறைகள். அப்பா கேட்டருகிலேயே நின்று அவரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். உள்ளே வந்து உறைகளை மேஜைமேல் பரப்பி, தகவல் தாளையும் டைரியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மேற்குத் தாம்பரத்துக் கடிதம் எண் திரும்பி, ஐம்பத்து நான்காகி, ஆவடிக்குப் போயிருந்தது. கிழக்குத் தாம்பரத்துக் கடிதம் மதுரவாயலுக்கு. மூன்றாவதை அவர் பாதி பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டார்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து, பாப்பா, இதெல்லாம் நீ எழுதியதுதானே என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அத்தை சொன்னதைக் கேட்டுத்தானே எழுதினாய் என்றார். அதற்கும் ஆட்டினேன். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்களைத் தேய்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

"கணக்கு டீச்சர் சொன்னது சரிதான். காதால கேட்டு எழுதினாலும் இப்படித்தான் வருது. நான்தான் ஒத்துக்கல. அந்த பேப்பர எடு."

அம்மா ஃபிரிட்ஜின் மேலிருந்து தாளை எடுத்து வந்தாள். அவள் கண்களில் நீர் நின்றது. என் வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் ஆறாம் வகுப்புக்கு மாடி ஏறிப் போவதும், நான் கீழே சின்னப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் எனக்கு அப்படியே தெரிந்தது. செய்த தவறுக்குத் தண்டனை சரிதான் என்றே நினைத்தேன்.

அத்தை சுவரோரமாகத் தரையில் போர்வை விரித்து, மறுநாள் சர்ச்சுக்குக் கட்ட வேண்டிய புடவைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பேனாவைத் திறந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"கையெழுத்துப் போடாதீங்கண்ணா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"அவ சரியாத்தான் எழுதினா. நான் மாத்திச் சொன்னேன். எல்லா நம்பரையும் நான்தான் மாத்திச் சொன்னேன்."

இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் போர்வை லேசாகக் கருகும் வாடை வந்தது. அம்மா குனிந்து சுவிட்சை அணைத்தாள். அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் போல இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, நீ வெளியே போய் விளையாடு பாப்பா என்றார்.

போனேன். விளையாடவில்லை. எதிர் மனையில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பது போல ஒரு சின்னச் சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அத்தையின் குரல் மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டது. நடுவில் ஒரு தடவை அம்மா அழுதாள்.

அப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஜூன் மாதம் நானும் மாடி ஏறி ஆறாம் வகுப்புக்குப் போனேன். திணறத்தான் செய்தேன், ஆனால் விழுந்துவிடவில்லை. இன்றைக்கும் கைபேசி எண்ணைக் கேட்டு எழுதும்போது ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

தகவல் தாள் வீட்டுக்கு வருவது நின்றது. அப்பாவும் அத்தையும் இரண்டு மாதம் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. அத்தையிடம் சொல்லு என்று அப்பா என்னிடம் சொல்வார். அப்பாவிடம் கேளு என்று அத்தை என்னிடம் சொல்வாள். இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அந்த வருஷக் கடைசியில் அத்தை பொத்தேரியிலேயே பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்து எங்களோடு சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலில் திரும்புவாள். மேலே படித்தாள், நூலகர் ஆனாள், கடன் வாங்காமல் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும் என்று உறவினர்கள் வெகுகாலம் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. தங்கைக்கு ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று கேட்கிறவர்களிடம் அப்பா முதலில் எதையாவது சொல்லி மழுப்புவார். நான் கல்லூரி முடித்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டபோது, அவளுக்கு விருப்பமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்தார். அந்த ஒரு வரிக்கு வர அவருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அத்தை அன்று எனக்காகப் பொய் சொன்னாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிறுவயதில் மட்டுமல்ல, வேலைக்குப் போன பிறகும். தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு வருஷம் வீணாகாமல் காப்பாற்றியவள் என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அம்மாவின் அலமாரியில் அந்த உறைகள் கிடைத்தன. மூன்றாவது உறையை அன்றுதான் நான் முதல் முறையாகக் கையில் எடுத்தேன். தகவல் தாளும் அதோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கடிதம் போக வேண்டிய இடம் குரோம்பேட்டை. குரோம்பேட்டைக்கு எண் நாற்பத்து நான்கு. உறையில் நாற்பத்து மூன்று என்று இருந்தது.

நாற்பத்து நான்கை எப்படித் திருப்பினாலும் நாற்பத்து நான்குதான். அதை என் கை மாற்றியிருக்க முடியாது.

அலமாரி முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருப்பிப் போட முடியாத எண் ஒன்று வந்தபோது அத்தை ஒரு கணம் யோசித்திருப்பாள். ஒன்றைக் குறைத்துச் சொல்லியிருப்பாள். மற்ற எண்களையெல்லாம் குறைத்தோ கூட்டியோ சொல்லியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. எண்ணைத் திருப்பிப் போடும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்ததால் திருப்பியே சொன்னாள். எப்போதாவது வெளியே தெரிந்தால் எல்லாரும் என் கையைத்தான் பார்ப்பார்கள். அம்மாவிடம் கேட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள். அத்தை அன்று எல்லாவற்றையும் சொன்னாளே, கல்யாணம் வேண்டாம் என்று அண்ணனிடம் நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றாளே, உனக்குத் தெரியும் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

அத்தைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. மொட்டை மாடிப் படியில் நான் விக்கி அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்றுதான் தோன்றியது. கூடவே அந்தச் சனிக்கிழமையும் நினைவுக்கு வந்தது. அன்று நான் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. வெயில் ஏறிய பிறகு பேச்சுக்குரல்கள் நின்றன. அத்தை தனியாக வெளியே வந்து தெருவைத் தாண்டி என் பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தேங்க்ஸ் அத்தை," என்றேன், யாருக்கும் கேட்காத குரலில். "எனக்காகப் பொய் சொன்னீங்க இல்ல?"

அத்தை தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "என்ன மன்னிச்சிடு பாப்பா," என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உதவி செய்தவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? யோசித்துப் பார்த்தேன். மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் நற்கருணை இருந்தது, செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அதை வாங்க வேண்டும். பொய் சொன்ன பாவத்துக்காகக் கடவுளிடம் கேட்க வேண்டியதை அத்தை வாய்தவறி என்னிடம் கேட்டுவிட்டாள் என்று முடிவு செய்தேன். அவளைத் திருத்த வேண்டாம் என்று பெருந்தன்மையாக, "பரவால்ல அத்தை, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன்.